நாளைக்கு எத்தனை முட்டை பப்ஸ் போடணும்? சின்னக் கடைக்கும் வந்துவிட்ட 'விற்பனைக் கணிப்பு'.. எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்கும்?

இரவு 9.30 மணி. பேக்கரியின் கண்ணாடி அலமாரியில் 14 முட்டை பப்ஸ் மிச்சம். நேற்று இதே நேரத்தில் ஒன்றுகூட இல்லை. மாலை ஐந்தரைக்கே தீர்ந்துபோய், வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள். "நேத்து பத்தலைன்னுதான் இன்னிக்கு சேர்த்துப் போட்டோம்ணே" என்கிறார் மாஸ்டர். முதலாளி என்ன சொல்வார்? "சரி விடுப்பா, நாளைக்குக் குறைச்சுப் போடு." நாளைக்கு மறுபடியும் ஐந்தரைக்கே தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் எந்த ஊர் பேக்கரிக்குப் போனாலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. அதிகம் போட்டால் மிச்சம் குப்பைக்குப் போகும். குறைவாகப் போட்டால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார். "எத்தனை போடணும்?" என்ற கேள்விக்கு இத்தனை காலமும் பதில் சொன்னது முதலாளியின் அனுபவமும் மாஸ்டரின் கைக்கணக்கும்தான்.

பெரிய நிறுவனங்கள் இதே கேள்வியை கம்ப்யூட்டரிடம் கேட்கத் தொடங்கி பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள், "ஏஐ இருக்கு சார், நாளைக்கு என்ன விற்கும்னு அதுவே சொல்லிடும்" என்று சின்னக் கடைகளின் கதவையும் தட்டுகிறார்கள். உண்மையிலேயே சொல்லுமா? அதற்கு மாதாமாதம் சந்தா கட்டத்தான் வேண்டுமா?

ஒரு பேக்கரியை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். இந்தக் கட்டுரையில் வரும் பப்ஸ் கணக்குகள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்ட எண்கள்தான். உங்கள் கடை எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கணிப்பு என்றால் ஜோசியமா?

இல்லை. பழைய விற்பனையில் ஒரு ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்பது, அந்த ஒழுங்கு நாளைக்கும் தொடரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. அவ்வளவுதான்.

இதில் இருப்பதிலேயே எளிமையான வழி ஒன்று உண்டு. நேற்று 80 பப்ஸ் விற்கும் என்று நினைத்தீர்கள். விற்றது 100. கணிப்பு 20 தப்பு. அந்த 20-ஐ அப்படியே தூக்கிச் சேர்க்காமல் அதில் ஒரு பங்கை, 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், மட்டும் சேர்க்க வேண்டும். 20-ல் 30 சதவீதம் என்றால் 6. எனவே இன்றைய கணிப்பு 86. இன்று 70 மட்டும் விற்றால் 16 குறைவு. அதில் 30 சதவீதம் 4.8. நாளைய கணிப்பு 81.

மாஸ்டர் எங்கே தடுமாறுகிறார் என்பது இங்கே புரிந்துவிடும். ஒவ்வொரு நாளும் நேற்றைய கூட்டத்துக்குத் தக்கபடி முழுசாக ஏறி இறங்குகிறார். நேற்று வந்த கூட்டத்தில் பாதி தற்செயலாக வந்ததாக இருக்கலாம். இந்தக் கணக்கு, நேற்றைய செய்தியைக் கேட்டுக்கொள்ளும், ஆனால் பதறாது.

இந்த முறைக்கு 'எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங்' என்று பெயர். புதுசு ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக, எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் எங்கே இருக்கும் என்று கணிக்கும் வேலையில் இருந்த ராபர்ட் பிரவுன், இந்த யோசனையைப் பயன்படுத்தினார். 1950-களில் அதையே கடற்படையின் உதிரி பாகங்கள் எத்தனை தேவைப்படும் என்ற கணக்குக்குக் கொண்டுவந்தார். 1957-ல் சார்லஸ் ஹோல்ட் என்பவர், விற்பனை மெல்ல ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போவதையும் இதில் சேர்த்தார். 1960-ல் பீட்டர் விண்டர்ஸ், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கோடைக்கால மந்தம் மாதிரி திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தார். இன்றைக்கும் 'ஹோல்ட்-விண்டர்ஸ் முறை' என்றே சொல்கிறார்கள்.

ஆக, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிய கணக்குதான் இப்போது பப்ஸ் எண்ண வந்திருக்கிறது. 'ஏஐ' என்று விற்கப்படும் சில கணிப்பு வசதிகளுக்கு உள்ளே ஓடுவதும் இதுவாகவே இருக்கலாம். தப்பில்லை. ஆனால் 60 வருடத்துக்கு மேல் பழைய சூத்திரத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

உங்கள் எக்ஸெலிலேயே இருக்கிறது

மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் 2016 முதல் இந்த வசதி உள்ளேயே வருகிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் எக்ஸெலைத் திறந்து ஒரு வரிசையில் தேதி, பக்கத்து வரிசையில் அன்று விற்ற எண்ணிக்கை என்று எழுதுங்கள். இரண்டையும் தேர்வு செய்து, மேலே 'டேட்டா' பகுதியில் 'போர்காஸ்ட் ஷீட்' என்ற பட்டனை அழுத்தினால் போதும். வரும் நாட்களுக்கான கணிப்பை கோடு போட்டுக் காட்டிவிடும்.

எக்ஸெலுக்குப் பணம் கட்ட விருப்பம் இல்லை என்றால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் இதே கணக்குக்கான ஃபார்முலா இருக்கிறது. எக்ஸெல் அளவுக்கு ஒரே பட்டனில் வராது, ஃபார்முலாவை எழுத வேண்டியிருக்கும்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, வாராந்திர விடுமுறை. செவ்வாய்க்கிழமை கடை லீவு என்று அந்தத் தேதியையே எழுதாமல் விட்டால், எக்ஸெல் அதை 'எழுத மறந்துவிட்டார்கள்' என்று எடுத்துக்கொண்டு, முன்பின் நாட்களை வைத்து தானே ஒரு எண்ணை நிரப்பிக்கொள்ளும். கடை பூட்டியிருந்த நாளிலும் 75 பப்ஸ் விற்றதாகக் கணக்கு ஓடும்! லீவு நாளுக்கு பூஜ்ஜியம் என்று எழுதிவிடுவது நல்லது.

இரண்டாவது, எக்ஸெல் ஒரு கோடு இல்லை, மூன்று கோடுகள் போடும். நடுவில் கணிப்பு, அதற்கு மேலும் கீழும் இரண்டு எல்லைகள். பலரும் நடுக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உண்மையில் வேலைக்கு ஆகிற விஷயம் அந்த இரண்டு எல்லைகள்தான். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

அப்புறம் என்ன பிரச்சினை? பில்லில்தான்!

சூத்திரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்குள் போடும் எண் சரியாக இருக்கிறதா? சின்னக் கடைகளில் பெரும்பாலும் கணிப்பு கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

ஆரம்பத்தில் பார்த்த காட்சிக்கே வருவோம். 80 பப்ஸ் போட்டார்கள். மாலை ஐந்தரைக்குத் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு, "அண்ணே, முட்டை பப்ஸ் இருக்கா?" என்று வந்தவர்களுக்கு, "தீர்ந்துபோச்சு தம்பி" என்பதுதான் பதில். அந்தக் கேள்விக்கு பில் கிடையாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அன்று 80 பேர் கேட்டார்கள், 80 பேருக்குக் கொடுத்தோம். அது நாளைக்கும் 80 என்று சொல்லும். நீங்களும் 80 போடுவீர்கள். 80-தான் விற்கும். "பாத்தீங்களா சார், கரெக்டா சொல்லிடுச்சு" என்று சாஃப்ட்வேர் விற்றவர் சந்தோஷப்படுவார்.

விற்றது வேறு, கேட்டது வேறு. பில் புத்தகத்தில் இருப்பது விற்றது மட்டும். கணிக்க வேண்டியது கேட்டதை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் பில்லில் நேரமும் பதிவாகும். கடைசி பப்ஸ் எத்தனை மணிக்கு விற்றது என்று பாருங்கள். கடை இரவு 10 மணி வரை திறந்திருக்க, கடைசி பப்ஸ் பில் 5.30-க்கு என்றால், அன்று தீர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். பப்ஸ் தீராத நாட்களில், அன்றைய மொத்த விற்பனையில் எத்தனை பங்கு 5.30-க்குள் முடிகிறது? 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 80-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும். 133 வருகிறது. அன்றைக்கு இருந்த உண்மையான தேவை 80 அல்ல, ஏறக்குறைய 133. இது மதிப்பீடுதான், துல்லியம் இல்லை. ஆனாலும் 80 என்று நம்புவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஒரே பொருள் பில்லிங் சாஃப்ட்வேரில் 'முட்டை பப்ஸ்', 'எக் பப்ஸ்', 'மு.பப்ஸ்' என்று மூன்று பெயரில் இருக்கும். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் புதிதாக ஒரு பெயர் சேர்ந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு அவை மூன்று வெவ்வேறு பொருட்கள். மூன்றுக்கும் தனித்தனியாக அரைகுறைக் கணிப்பு கொடுக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் சாயங்கால அவசரம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் பத்துப் பேர் நிற்கும்போது, 20 ரூபாய்க்கு என்ன பட்டன் கைக்கு வருகிறதோ அதை அழுத்திவிடுவார். முட்டை பப்ஸும் 20 ரூபாய், காளான் பப்ஸும் 20 ரூபாய் என்றால் பணக்கணக்கு டேலி ஆகிவிடும், பொருள் கணக்கு ஆகாது. முதலாளி கேட்பதும் பணக்கணக்கைத்தானே? ராத்திரி கல்லா சரியாக இருந்தால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. கணிப்புக்கு வேண்டியது ரூபாய் இல்லை, எண்ணிக்கை. இந்தப் பழக்கத்தை மாற்றாமல் எவ்வளவு விலை உயர்ந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் பலன் இல்லை. ஊழியரைத் திட்டி மாற்ற முடியாது. பட்டன்களைப் படத்தோடு பெரிதாக வைப்பது, ஒரே விலைப் பொருட்களைத் தள்ளித் தள்ளி வைப்பது மாதிரி சின்ன வேலைகள்தான் கைகொடுக்கும்.

மழை, புயல், பந்த் நாட்களும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் கடை திறக்கவே முடியவில்லை. அந்த நாட்களில் விற்பனை பூஜ்ஜியம். இப்படிப்பட்ட நாட்களில் 'புயல்' என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதி வைக்காவிட்டால், வியாபாரம் திடீரென்று படுத்துவிட்டது என்றுதான் கணக்கு எடுத்துக்கொள்ளும். அதேபோல புயல் வருவதற்கு முந்தின நாள் பிரெட், பால் பாக்கெட்டெல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள். அதுவும் வழக்கமான நாள் இல்லை.

கணிப்பு 80.. அப்போ 80 போடலாமா?

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். எத்தனை விற்கும் என்பது ஒரு கேள்வி, எத்தனை போட வேண்டும் என்பது வேறு கேள்வி.

ஒரு முட்டை பப்ஸுக்கு அடக்கம் 12 ரூபாய், விலை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மிச்சமானால் 12 ரூபாய் நட்டம். ஒன்று குறைந்தால் கிடைத்திருக்க வேண்டிய 8 ரூபாய் லாபம் போச்சு. மிச்சமாவதுதான் அதிகம் வலிக்கிறது. எனவே கணிப்பைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் போட வேண்டும்.

எவ்வளவு குறைக்கலாம்? 8-ஐ, 8-ம் 12-ம் சேர்ந்த 20-ஆல் வகுத்தால் 40 சதவீதம். அதாவது பத்து நாளில் நாலு நாள் போட்டது போதுமானதாக இருக்க வேண்டும், ஆறு நாள் கடை மூடுவதற்குள் தீர்ந்துபோக வேண்டும். எக்ஸெல் கணிப்பு 80, எல்லைகள் 60 முதல் 100 வரை என்று காட்டினால், இந்தக் கணக்குப்படி போட வேண்டியது சுமார் 77.

அதே கடையில் பன்னுக்கு அடக்கம் 4 ரூபாய், விலை 10 ரூபாய். மிச்சமானால் 4 ரூபாய் போகும், குறைந்தால் 6 ரூபாய் லாபம் போகும். இங்கே பங்கு 60 சதவீதம். பன்னுக்கும் அதே 80, அதே எல்லைகள் என்றால் போட வேண்டியது சுமார் 82. கணிப்பு ஒன்றுதான், முடிவு இரண்டு.

இதற்கு 'பேப்பர்காரர் கணக்கு' என்று மேலாண்மைப் படிப்பில் பெயர். காலையில் வாங்கும் பேப்பர் மாலையில் குப்பை என்பதால் வந்த பெயர். பப்ஸ் வாங்க வருகிறவர் கூடவே ஒரு டீயும் குடிப்பார் என்றால், அவரைத் திருப்பி அனுப்பினால் போவது 8 ரூபாய் இல்லை. டீயில் 5 ரூபாய் லாபம் என்றால் மொத்தம் 13. அப்போது கணக்கு 80-ஐ ஒட்டி ஏறிவிடும். தினமும் வருகிறவர் ஒரேயடியாக எதிர்க்கடைக்குப் போய்விட்டால் என்ன நட்டம் என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும். எந்த ஆப்பும் அதைக் கண்டுபிடிக்காது.

இரண்டு எல்லைகள் முக்கியம் என்று சொன்னது இதற்காகத்தான். 60 முதல் 100 என்பதற்குப் பதில் 75 முதல் 85 என்று நெருக்கமாக இருந்தால் 77, 82 என்று பிரித்துப் பார்க்கும் வேலையே இருக்காது. கிட்டத்தட்ட 80 போட்டுவிட்டுப் போகலாம்.

மிச்சமானதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கம்பெனி பிரெட்டுக்கு இந்தக் கவலையே கிடையாது. நட்டம் வேறு ஒருவருடையது. கடைகளில் அந்த டிரே எப்போதும் நிறைந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

'95 சதவீதம் துல்லியம்' என்றால் என்ன கேட்க வேண்டும்?

முதலில் கேட்க வேண்டியது, எதில் 95 சதவீதம்? கடையின் மாத மொத்த விற்பனையை 95 சதவீதம் சரியாகச் சொல்வது பெரிய வித்தை இல்லை. கூடுதலும் குறைவும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். நாளைக்கு எத்தனை முட்டை பப்ஸ் என்று சொல்வதுதான் கஷ்டம். ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு விற்கும் பிளம் கேக்குக்கு நாலு என்று கணித்தால் 100 சதவீதம் தப்பு. எந்தப் பொருள், எத்தனை நாள் முன்கூட்டி என்று சொல்லாத சதவீதத்துக்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது, ஒரு பரீட்சை வையுங்கள். உங்கள் பழைய கணக்கில் கடைசி நாலு வாரத்தை மறைத்துவிட்டு, அதற்கு முந்தின கணக்கை மட்டும் கொடுத்து அந்த நாலு வாரத்தைக் கணிக்கச் சொல்லுங்கள். பிறகு நிஜத்தோடு ஒப்பிடுங்கள். கூடவே, "போன சனிக்கிழமை எத்தனை விற்றதோ இந்தச் சனிக்கிழமையும் அத்தனையே" என்ற சோம்பேறிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஆப் சராசரியாக 9 பப்ஸ் தப்பு, சோம்பேறிக் கணக்கு 10 பப்ஸ் தப்பு என்றால், அந்த ஒரு பப்ஸுக்காகச் சந்தா கட்டலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தச் சோம்பேறிக் கணக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கணிப்பு முறைகளுக்குள் போட்டி வைப்பதில் பெயர்பெற்றவர் ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ். 1982-ல் 1,001 தரவு வரிசைகளை வைத்து அவர் நடத்திய ஒப்பீட்டில், சிக்கலான முறைகள் எளிய முறைகளைவிடச் சிறப்பாகச் செய்துவிடும் என்று சொல்ல முடியாது என்பதே முடிவாக வந்தது. 2020-ல் நடந்த 'எம்5' போட்டியில் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனத்தின் 10 கடைகள், 3,049 பொருட்களின் விற்பனைக் கணக்கைக் கொடுத்து அடுத்த 28 நாட்களைக் கணிக்கச் சொன்னார்கள். 5,000-க்கும் மேற்பட்ட அணிகள் கலந்துகொண்டன. நாம் மேலே பார்த்த ஸ்மூத்திங் கணக்கைவிட நன்றாகச் செய்தவை பத்தில் ஒரு பங்கு அணிகள்கூட இல்லை. அதே சமயம், ஜெயித்த அணி மெஷின் லேர்னிங் முறையில் அதை 20 சதவீதத்துக்கு மேல் வென்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயிரக்கணக்கான பொருட்களும் பல வருடக் கணக்கும் இருக்கும் இடத்தில் ஏஐ ஜெயிக்கிறது. 40 பொருள் விற்கும் கடையில் அந்த அளவு வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது.

கணிப்பை நம்பி முடிவை மொத்தமாக ஒப்படைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் ஜில்லோ என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம், வீட்டின் விலையைக் கணக்கு மூலம் கணித்து, வாங்கி விற்கும் தொழிலை நடத்தியது. விலைக் கணிப்பு எதிர்பார்த்ததைவிட நிலையில்லாமல் இருக்கிறது என்று சொல்லி 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடியது. ஊழியர்களில் சுமார் 25 சதவீதம் பேருக்கு வேலை போனது.

சாட்பாட்டிடம் விற்பனைக் கணக்கை ஒட்டி "நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்பதும் இப்போது பழக்கமாகி வருகிறது. கேட்கலாம். ஆனால் அது உண்மையில் கணக்குப் போட்டதா, பார்க்க நன்றாக இருக்கும் ஒரு எண்ணைச் சொன்னதா என்று தெரிய வேண்டும். "எந்த முறையில் போட்டாய், படிப்படியாகக் காட்டு" என்று கேட்டு, இரண்டு நாளுக்காவது கால்குலேட்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கரி இல்லாத கடைகளுக்கு?

தினமும் விற்கும் பொருளுக்குத்தான் இதுவரை சொன்னது. டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு கிளட்ச் பிளேட் வாரத்துக்கு ஒன்று விற்கும், சில வாரம் விற்காது. அதற்கு "நாளைக்கு 0.14" என்று கணிப்பு வந்தால் என்ன செய்வது? இப்படி விட்டுவிட்டு விற்கும் பொருட்களுக்கு 1972-ல் கிராஸ்டன் என்பவர் தனி முறை கொடுத்தார். எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்கிறார்கள், கேட்டால் எத்தனை கேட்கிறார்கள் என்று இரண்டையும் பிரித்துக் கணக்கிடுவது. ஹார்டுவேர் கடை, மெடிக்கல் ஷாப்பில் மெதுவாகப் போகும் மருந்துகளுக்கும் இதே யோசனைதான். ஆப் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

"கணக்கு எழுதினா வரி வந்துடும்!"

கடைக்காரர்களிடம் இருக்கும் உண்மையான பயம் இதுதான். அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. 2025 ஜூலையில் கர்நாடகாவில், யுபிஐ மூலம் வந்த பணத்தை வைத்து வணிக வரித்துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகளில் கியூஆர் கோடு காணாமல் போய், 'கேஷ் மட்டும்' என்ற அட்டை தொங்கியது. பேக்கரி, டீக்கடைக்காரர்களும் அதில் அடக்கம்.

வரம்பைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்தே ஆக வேண்டும், அது தனி விஷயம். ஆனால் நாளைக்கு எத்தனை பப்ஸ் என்று கணிக்க ரூபாய்க் கணக்கு தேவையே இல்லை. எத்தனை டிரே போட்டோம், எத்தனை மிச்சம், எப்போது தீர்ந்தது என்பது போதும். கணிப்புக்காக வாடிக்கையாளரின் போன் நம்பரை வாங்குவதும் தேவை இல்லாதது. எத்தனை பப்ஸ் விற்றது என்பதற்கும் வாங்கியவர் நம்பருக்கும் சம்பந்தம் இல்லை. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, டிஜிட்டலாகச் சேர்க்கும் நம்பருக்குச் சேர்ப்பவர்தான் பொறுப்பு.

சாஃப்ட்வேர் வாங்குவதாக இருந்தால் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். சந்தா நிறுத்தினால் இரண்டு வருட விற்பனைக் கணக்கை எக்ஸெல் ஃபைலாக எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் அந்தக் கணக்கு உங்களுடையது இல்லை.

கம்ப்யூட்டருக்குத் தெரியாத தீபாவளி

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் நம் ஊரில் கணிப்பு காலை வாரும் இடம் ஒன்று உண்டு. பண்டிகை.

புரட்டாசியில் முட்டை பப்ஸ் விற்பனை இறங்கும். இதைக் கம்ப்யூட்டர் தானாகவே கற்றுக்கொள்ளும். ஏனென்றால் தமிழ் மாதங்கள் சூரியனை வைத்து வருபவை. ஒவ்வொரு வருடமும் புரட்டாசி செப்டம்பர் நடுவில்தான் பிறக்கிறது. ஆடியும் பொங்கலும் அப்படியே. இரண்டு மூன்று வருடக் கணக்கு கொடுத்தால் ஒழுங்கு பிடிபட்டுவிடும். மூன்று மாதக் கணக்கு மட்டும் கொடுத்தால் அதற்குப் புரட்டாசி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

தீபாவளி அப்படி இல்லை. அது சந்திரனையும் சேர்த்துப் பார்த்து வருவது. 2023-ல் நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. 2026-ல் நவம்பர் 8. முதல் இரண்டு வருடக் கணக்கை மட்டும் கொடுத்து, 2025-க்குக் கணிக்கச் சொல்லியிருந்தால், ஸ்வீட் விற்பனை அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் பாதியிலும் உச்சத்துக்குப் போகும் என்று சொல்லியிருக்கும். அப்போது தீபாவளியே முடிந்து போயிருக்கும்! ரம்ஜான் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. முகூர்த்த நாட்களும் வருடத்துக்கு வருடம் மாறும். பூக்கடை, கேட்டரிங் தொழிலுக்கு அதுதான் முதல் காலண்டர்.

ஃபேஸ்புக் நிறுவனம் 2017-ல் இலவசமாக வெளியிட்ட 'ப்ராஃபெட்' என்ற மென்பொருளில், பண்டிகை தேதிகளைப் பட்டியலாகக் கொடுக்க வசதி இருக்கிறது. "இந்தத் தேதியும் அதற்கு முந்தின பத்து நாளும் தனி" என்று சொல்லிவிடலாம். அதற்குப் பைத்தான் அல்லது ஆர் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பைத்தான் இல்லாமலும் செய்யலாம். பழைய ஸ்வீட் ஸ்டால்காரர்கள் பலர் பேச்சிலேயே வைத்திருக்கும் முறைதான் அது. தேதியை மறந்துவிட்டு, 'தீபாவளிக்கு 10 நாள் முன்', '9 நாள் முன்' என்று வரிசை எழுதி, ஒவ்வொரு வருடமும் அந்தந்த நாளில் எத்தனை கிலோ போனது என்று பக்கத்தில் போடுவது. போனஸ் கொடுத்த நாள், மாதச் சம்பளம் வந்த நாள் எது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் வந்த 2024 தீபாவளியும், 20-ம் தேதி வந்த 2025 தீபாவளியும் கல்லாவுக்கு ஒன்றல்ல.

இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றால் ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, கிழமை, போட்டது, மிச்சம், தீர்ந்த நேரம், அன்றைக்கு என்ன விசேஷம். ஆறு கட்டங்கள். அதிகமாகக் குப்பைக்குப் போகும் மூன்று பொருளுக்கு மட்டும் எழுதினால் கடை மூடும்போது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டு வாரம் ஆனதும் அதை எக்ஸெலில் ஏற்றி, கடைசி இரண்டு வாரத்தை மறைத்து வைத்துவிட்டு, அந்த பட்டனை அழுத்திப் பார்க்கலாம்.